சிறு குருவியும் ஒரு பேரறிஞரும்

கற்றவர் பலர், கற்றதையே தம் வாழ்வாக ஆக்கிக்கொண்டவர் சிலர். பட்டங்கள் பெற்றுப் பதவிகளில் அமர்ந்து புகழடைந்தோரை நாம் நன்கறிவோம். பல்கலைக்கழகப் பட்டமின்றி, நிலையான பணியின்றி, கையில் மிகுந்த பொருளுமின்றி, தம் கண்ணையும் பொறுமையையுமே முதலாகக் கொண்டு ஓர் அறிவுத்துறையை இந்நாட்டில் வேரூன்றச் செய்த பெருமகனார் ஒருவர் உண்டு. அவரே பறவையியல் அறிஞர் சாலிம் அலி. வீட்டு முற்றத்துக்கு வரும் சிறு குருவியை உற்றுநோக்கும் எளிய பழக்கம் ஒரு மனிதரை எத்துணை உயரத்துக்கு இட்டுச் செல்லும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று. அவ்வாழ்வை மாணவச் செல்வங்கள் அறிதல் நலம் என்னும் கருத்தால் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

பிறப்பும் வளர்ப்பும்

சாலிம் மொய்ஸுத்தீன் அப்துல் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12ஆம் நாள் பம்பாய் நகரில் பிறந்தார். பெற்றோர்க்குக் கடைக்குட்டி. ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். பெற்றோரை இழந்த பிள்ளைகளைத் தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியும் அவர்தம் துணைவியார் ஹமீதா பேகமும் தம் பிள்ளைகளாகவே ஏற்று வளர்த்தனர். பம்பாயின் கேத்வாடிப் பகுதியில் இருந்த அவ்வீட்டில் உறவுப் பிள்ளைகள் பலர் ஒன்றாக வளர்ந்தனர்.

அக்காலத்து வசதியான இல்லத்துச் சிறுவர்களுக்கு வேட்டை ஒரு பொழுதுபோக்கு. சாலிமுக்கும் மாமன் ஒரு காற்றுத் துப்பாக்கி வாங்கித் தந்தார். வீட்டுக் குதிரைக் கொட்டடியின் சுவர் இடுக்கில் சிட்டுக்குருவி இணை ஒன்று கூடு கட்டியிருந்தது. வாயிலில் காவலிருந்த ஆண் குருவியைச் சிறுவன் சுட்டு வீழ்த்தினான். சிறிது நேரத்தில் பெண் குருவி வேறோர் ஆண் குருவியைத் துணையாகக் கொண்டது. அதுவும் வாயிலில் காவலுக்கு வந்து அமர்ந்தது. ஏழு நாள்களில் இவ்வாறு எட்டு ஆண் குருவிகள் வீழ்ந்தன. இன்று கேட்போர்க்கு இது கொடுமையாகத் தோன்றும்; தோன்றவும் வேண்டும். ஆயினும் அச்சிறுவன் கண்டதை நாளும் எண்ணிக்கையுமாகக் குறித்து வைத்தான் என்பதே இங்குக் கருதத்தக்கது. பல ஆண்டுகள் கழித்து அக்குறிப்பு அச்சேறியபோது பறவைகளின் இல்வாழ்வு பற்றிய நல்லதொரு சான்றாகவே அமைந்தது.

மஞ்சள் தொண்டைச் சிட்டு

ஏறத்தாழப் பத்து வயதில் அவர் வாழ்வின் திசையை மாற்றிய நிகழ்ச்சி நடந்தது. சுட்டு வீழ்த்திய குருவி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தபோது அதன் தொண்டையில் மஞ்சள் நிறத் திட்டு ஒன்று இருக்கக் கண்டார். அது வழக்கமான ஊர்க்குருவி அன்று. புதுமையான இப்பறவை உண்பதற்கு ஆகுமானதுதானா என்னும் ஐயம் எழவே, அதனை மாமனிடம் கொண்டு சென்றார். மாமனுக்கும் விடை தெரியவில்லை. அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் உறுப்பினர். ஆதலின் கழகச் செயலர் மில்லார்டு என்னும் ஆங்கிலேயர்க்கு ஓர் அறிமுகக் கடிதம் எழுதித் தந்து, மருமகனை அங்கே அனுப்பினார்.

அஞ்சி அஞ்சிச் சென்ற இந்தியச் சிறுவனை மில்லார்டு அன்போடு வரவேற்றார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொல்லி, கழகத்தில் பாடம் செய்து வைக்கப்பட்டிருந்த பறவைகளை எல்லாம் பெட்டி பெட்டியாகத் திறந்து காட்டினார். குருவி என்று பொதுவாக நாம் சுட்டும் சிற்றுயிர்க்குள் இத்தனை வகைகளா என்று சிறுவன் வியந்தான். படிக்க நூல்கள் கிடைத்தன. பறவைகளைத் தோலுரித்துப் பாடம் செய்யும் முறையும் கற்பிக்கப்பட்டது. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, தெரிந்தவரிடம் பிள்ளையை அனுப்பிய மாமனின் செயலும், கேட்க வந்த சிறுவனை ஒதுக்காது நேரம் செலவிட்ட செயலரின் பண்பும் சேர்ந்தே ஓர் அறிஞரை உருவாக்கின. ஆசிரியப் பெருமக்கள் இதனை எண்ணிப் பார்த்தல் தகும்.

படிப்பும் தடுமாற்றமும்

பள்ளிப் படிப்பில் சாலிம் அலி முதல் வரிசை மாணவர் அல்லர். ஓயாத தலைவலியால் இடையில் படிப்பு தடைப்பட்டது. 1913ஆம் ஆண்டில் மெட்ரிகுலேஷன் தேர்வில் தட்டுத்தடுமாறியே தேறினார். கல்லூரியில் சேர்ந்தும் கணக்குப் பாடம் அவருக்குப் பெருந்தடையாயிற்று. படிப்பை நிறுத்திவிட்டுப் பர்மாவின் தவோய்ப் பகுதிக்குச் சென்று, குடும்பத்தார் நடத்திய வுல்பிராம் சுரங்கம், மரம் ஆகிய தொழில்களைக் கவனித்தார். தொழிலில் தேர்ந்தாரோ இல்லையோ, சுற்றிலும் இருந்த காடுகளில் பறவைகளை நோக்கும் கலையில் நன்கு தேர்ந்தார்.

1917ஆம் ஆண்டில் பம்பாய் திரும்பியவர், தாவர் வணிகக் கல்லூரியில் வணிகச் சட்டமும் கணக்கியலும் பயின்றார். அவருடைய உள்ளம் எங்கே இருக்கிறது என்பதைப் புனித சவேரியார் கல்லூரியின் பிளாட்டர் அடிகளார் கண்டுகொண்டு, விலங்கியலும் பயிலுமாறு வற்புறுத்தினார். ஒரே காலத்தில் இரு கல்லூரிகளில் பயின்ற அவர், 1918ஆம் ஆண்டு டிசம்பரில் தெஹ்மினா பேகத்தை மணந்தார்.

பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமையால் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவையியலாளர் பணி அவருக்குக் கிட்டவில்லை. 1926ஆம் ஆண்டில் பம்பாய் வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில், காண வருவோர்க்கு விளக்கிக் கூறும் விரிவுரையாளர் பணி கிடைத்தது. மாதச் சம்பளம் 350 ரூபாய். தம் அறிவு போதாது என்பதை உணர்ந்த அவர், 1928ஆம் ஆண்டில் விடுப்புப் பெற்று ஜெர்மனி நாட்டுக்குச் சென்றார். பெர்லின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்ட்ரெஸ்மன் என்னும் பேரறிஞர் அவரை மாணவராக ஏற்றார். பறவையின் தோலையும் இறகையும் அளந்து பெயரிடுவதோடு நில்லாமல், உயிருள்ள பறவை எவ்வாறு வாழ்கிறது என்று ஆராயும் புதிய நெறியை அங்கே கற்றார். ஸ்ட்ரெஸ்மனையே தம் குருவாக அவர் இறுதிவரை போற்றினார்.

கீஹீமில் ஒரு மழைக்காலம்

1930ஆம் ஆண்டில் நாடு திரும்பியபோது அதிர்ச்சி ஒன்று காத்திருந்தது. பொருட்பற்றாக்குறையால் அருங்காட்சியகத்தில் அவர் பார்த்த பணியே நீக்கப்பட்டிருந்தது. வயது முப்பத்து மூன்று. மனைவி இருக்கிறார், வருவாய் இல்லை, பம்பாயில் வாழ்க்கை நடத்துவது அரிது. கணவனும் மனைவியும் பம்பாய்த் துறைமுகத்துக்கு அப்பால் இருந்த கீஹீம் என்னும் கடலோரச் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தனர்.

மற்றொருவர் இதனைத் தோல்வி என்று கருதி மனம் தளர்ந்திருப்பார். சாலிம் அலியோ வீட்டின் அருகில் கூடு கட்டிக்கொண்டிருந்த தூக்கணாங்குருவிகளை நோக்கத் தொடங்கினார். மழைக்கால மாதங்கள் முழுவதும் நாள்தோறும் மணிக்கணக்கில் அமர்ந்து, எந்தக் கூட்டுக்கு எந்தப் பறவை வந்தது, எப்போது போயிற்று என்று குறித்து வந்தார்.

தூக்கணாங்குருவி தமிழர்க்குப் புதியதன்று. மழையில் நனைந்த குரங்குக்கு அறிவுரை கூறப் போய்த் தன் கூட்டை இழந்த தூக்கணாங்குருவியின் கதை விவேக சிந்தாமணி வாயிலாக நாம் இளமையிலேயே அறிந்தது. ஆயினும் அப்பறவையின் இல்லறம் எத்தகையது என்பதைத் தெளிவாக அறிந்தோர் இலர். ஒரே மரத்தில் முழுமையான கூடுகளும் பாதியில் நின்ற கூடுகளும் தொங்கும். பாதிக் கூடுகள் ஆண் பறவை ஊஞ்சலாடுவதற்கு என்று நம்பியோரும் உண்டு.

சாலிம் அலி கண்ட உண்மை வேறு. கூடு கட்டுவது ஆண் பறவை. புல்லையும் ஓலையையும் நாராகக் கிழித்து, கவிழ்த்த தலைக்கவசம் போன்ற வடிவம் வரை அது பின்னுகிறது. அந்நிலையில் பெண் பறவைகள் வந்து கூட்டைச் சோதித்துப் பார்க்கின்றன. ஒரு பெண் பறவை விரும்பி ஏற்றால், கூடு முழுமை பெற்று, நீண்ட குழல் போன்ற வாயிலும் அமைகிறது. எந்தப் பெண்ணும் ஏற்காத கூடு பாதியிலேயே கைவிடப்படுகிறது. ஏற்ற பெண் பறவை முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், ஆண் பறவை அடுத்த கூட்டைப் பின்னி, வேறொரு பெண்ணைத் துணையாகப் பெறுகிறது. ஒன்றன்பின் ஒன்றாகத் துணைகளை அடையும் இம்முறையை விளக்கிய அவருடைய ஆய்வு உலகப் பறவையியலார் நடுவே அவருக்கு இடம் தேடித் தந்தது.

எண்ணிப் பாருங்கள். தொலைதூரக் காட்டுக்கு அவர் செல்லவில்லை. அரிய பறவையைத் தேடவில்லை. வேலையிழந்த காலத்தில், வீட்டருகே, எல்லோரும் நாளும் கண்ட ஒரு சிறு பறவையையே கண்டார். மற்றவர் பார்த்தனர், அவர் நோக்கினார். வேறுபாடு அவ்வளவே.

ஊர் ஊராய்ச் சென்ற உழைப்பு

இதன்பின் சுதேச சமஸ்தானங்களின் பறவைகளை முறையாகக் கணக்கெடுக்கும் திட்டத்தை அவர் வகுத்தார். செலவை மட்டும் ஏற்றுக்கொண்டால் ஊதியமின்றி உழைப்பதாக முன்வந்தார். 1931, 1932ஆம் ஆண்டுகளில் ஐதராபாத் சமஸ்தானத்திலும், 1933ஆம் ஆண்டில் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களிலும் ஆய்வுகள் நடந்தன. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூரில் அடங்கியிருந்தது. மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் சென்று, கூடாரங்களில் தங்கி அவர் உழைத்தார்.

இவ்வுழைப்பில் பாதி தெஹ்மினா அம்மையாருக்கு உரியது. வசதியாக வளர்ந்தவராயினும் காட்டு வாழ்க்கையை அவர் மகிழ்ந்து ஏற்றார், முகாம்களில் உடனிருந்தார், கணவரின் ஆங்கில நடையைச் செம்மையாக்கினார். அத்தகைய துணைவியார் 1939ஆம் ஆண்டில் சிறியதோர் அறுவை மருத்துவத்துக்குப் பின் எதிர்பாராது காலமானார். மக்கட்பேறும் இல்லாத சாலிம் அலி பெரிதும் நிலைகுலைந்தார். தம் தமக்கையார் இல்லத்தில் தங்கினார், மறுமணம் செய்துகொள்ளவில்லை. துயரை உழைப்பில் கரைத்தார் என்றே சொல்ல வேண்டும்.

நூல்கள் செய்த தொண்டு

1941ஆம் ஆண்டில் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய முதல் பெருநூல் வெளிவந்தது. வண்ணப் படங்களுடன் எளிய நடையில் அமைந்த அந்நூல், அறிஞர்க்கு மட்டும் உரியதாயிருந்த பறவையியலைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது. டேராடூன் சிறையிலிருந்த ஜவாகர்லால் நேரு, தம் மகள் இந்திராவுக்கு இந்நூலைப் பரிசாக வழங்கினார். சிறை முற்றத்திலும் பறவைகள் வந்து அமரும். அவற்றைப் பெயர் சொல்லி அறியும் இன்பத்தை எந்தச் சுவரும் தடுப்பதில்லை.

பின்னர் அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியுடன் இணைந்து இந்தியா, பாகிஸ்தான் நாடுகளின் பறவைகள் அனைத்தையும் விளக்கும் பெருங்கையேட்டை எழுதினார். பத்துத் தொகுதிகள் கொண்ட அது 1968 முதல் 1974 வரை வெளிவந்தது. நிறைவுற்றபோது அவருக்கு வயது எழுபத்தேழைக் கடந்திருந்தது. 1985ஆம் ஆண்டில் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோதும், இளமையில் தாம் வீழ்த்திய அச்சிட்டுக்குருவியையே அதன் தலைப்பில் நினைவுகூர்ந்தார்.

படக்கருவியும் கால் வளையமும்

அக்காலப் பறவையியலார் துப்பாக்கியை நம்பினர். சாலிம் அலியும் ஆய்வுக்கெனப் பறவைகளைச் சுட்டுப் பாடம் செய்தவரே. ஆயினும் கொல்லாமல் அறியும் வழிகள் அவர் காலத்திலேயே வளர்ந்தன. அவற்றை வளர்த்தவர்களுள் அவரும் ஒருவர்.

ஒன்று புகைப்படக் கலை. சிங்கப்பூரைச் சேர்ந்த சீனச் செல்வர் லோக் வான் தோ, இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் அடைக்கலம் புகுந்தவர். சாலிம் அலியுடன் நட்புப் பூண்டு, கட்ச் முதலிய இடங்களுக்கு உடன் சென்று, பறவைகளைப் படம் எடுத்தார். கழகத்துக்குப் பொருளும் உதவினார். மறைவில் அமர்ந்து, பறவை அச்சம் நீங்கித் தானாக அருகில் வரும்வரை காத்திருந்து எடுத்த அவருடைய படங்கள் உலகப் புகழ் பெற்றன. 1964ஆம் ஆண்டில் தைவானில் நேர்ந்த விமான விபத்தில் அவர் மறைந்தது சாலிம் அலிக்குப் பேரிழப்பு.

மற்றொன்று வளையமிடுதல். பறவையை வலையில் பிடித்து, எண் பொறித்த மெல்லிய வளையத்தைக் காலில் இட்டுப் பறக்க விடுவர். வேறோர் இடத்தில் அது மீண்டும் அகப்பட்டால் வந்த வழி தெரியும். 1959ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியோடு கழகம் தொடங்கிய வலசை ஆய்வுக்குச் சாலிம் அலி தலைமை தாங்கினார். பரத்பூரிலும், நம் கோடியக்கரையிலும் ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு வளையமிடப்பட்டது. குளிர்காலத்தில் இங்கு வரும் சிறு பறவைகள் இமயத்துக்கு அப்பாலிருந்தும் வருகின்றன என்பது இத்தகைய ஆய்வுகளால் உறுதிப்பட்டது. வடக்கும் தெற்கும் சென்று திரும்பும் நாரையைத் தூது விட்ட சத்திமுத்தப் புலவர் மரபில் வந்த நமக்கு இச்செய்தி தனி இன்பம் தருவது.

காத்த நிலங்களும் பெற்ற சிறப்புகளும்

பரத்பூர் நீர்நிலையை வற்றச் செய்து விளைநிலமாக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது, அதனைக் காக்க முன்னின்றவர் சாலிம் அலி. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்கும் முயற்சியிலும் அவர் குரல் ஒலித்தது. இந்திய அரசு 1958ஆம் ஆண்டில் பத்ம பூஷண் விருதையும் 1976ஆம் ஆண்டில் பத்ம விபூஷண் விருதையும் அளித்தது. 1985ஆம் ஆண்டில் மாநிலங்கள் அவைக்கு அவர் நியமிக்கப்பெற்றார். பட்டமில்லை என்று ஒரு காலத்தில் பணி மறுக்கப்பட்டவருக்குப் பல்கலைக்கழகங்கள் தாமே முன்வந்து மதிப்புறு டாக்டர் பட்டங்களை வழங்கின. 1987ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள், தொண்ணூறாம் வயதில் பம்பாயில் காலமானார்.

தமிழகத்திலும் அவர் பெயர் நிலைத்துள்ளது. கோவையை அடுத்த ஆனைகட்டியில் 1990ஆம் ஆண்டில் அவர் பெயரால் பறவையியல் ஆய்வு நிலையம் அமைந்தது. மேகமலைப் பகுதியில் 1948ஆம் ஆண்டில் கிடைத்த அரிய பழந்தின்னி வௌவால் இனம் ஒன்றுக்கு 1972ஆம் ஆண்டில் அவர் பெயரே சூட்டப்பட்டது.

நம் வாயிற்படியில்

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? குளிர் மிகுந்த மேலை நாடுகளில் பனி மூடிய காலத்தில் பறவைகள் இரையின்றி வாடும். அந்நாட்டு மக்கள் வீட்டுத் தோட்டங்களில் தானியத் தட்டுகளைத் தொங்கவிட்டு, வந்தமரும் சிறு பறவைகளைக் கண்டும் படமெடுத்தும் மகிழ்வர். நார்வே, சுவீடன் நாடுகளில் குளிர்காலத் திருநாளன்று கதிர்க்கட்டு ஒன்றைக் குருவிகளுக்காக நட்டு வைக்கும் வழக்கமும் உண்டு. நம் உழவர் வீடுகளின் வாயிலில் குருவிகளுக்கென நெற்கதிரைக் கட்டித் தொங்கவிடும் வழக்கம் இதற்கு நேர் இணையானது. கடல் கடந்தும் மனித உள்ளம் ஒன்றே.

நம் பகுதியையே எடுத்துக்கொள்வோம். ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கற்காலக் கருவிகள் வெளிப்பட்டன. அத்துணைப் பழமையான மண் இன்று திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளின் நடுவே உள்ளது. வேலைவாய்ப்பை நல்கும் தொழிற்சாலைகளை நாம் வேண்டாம் எனோம். ஆனால் ஏரியும் ஏரிக்கரைப் பனையும் நெல்வயலும் சேர்ந்திருந்தால்தான் தூக்கணாங்குருவி வாழும். நாருக்கு ஓலையும் புல்லும் வேண்டும். தொங்கவிட மரம் வேண்டும். குஞ்சுக்கு ஊட்டப் பூச்சியும் வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அக்குடியிருப்பு கலைந்துவிடும். இதே பழைய செங்கற்பட்டு வட்டாரத்தின் வேடந்தாங்கலில் ஊர் மக்கள் ஏரிப் பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தனர்; அவர்கள் வேண்டுகோளை ஏற்று 1798ஆம் ஆண்டிலேயே கலெக்டர் லயனல் பிளேஸ் பாதுகாப்பு ஆணை வழங்கினார். 2022ஆம் ஆண்டில் வேடந்தாங்கல் ராம்சர் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. ஊரார் நினைத்தால் ஏரி பிழைக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

மாணவச் செல்வங்களே! ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை நம் ஊர்ப்புறங்களைச் சற்றுக் கவனியுங்கள். வாலை ஆட்டி நடக்கும் வாலாட்டிகள், மின்கம்பிகளில் வரிசையாய் அமரும் தகைவிலான்கள், முள்மரத்து உச்சியிலிருந்து இரை நோக்கும் பழுப்புக் கீச்சான்கள் எல்லாம் நெடுந்தொலைவிலிருந்து வந்த விருந்தினர். மாடியில் ஒரு மண்சட்டி நீரும் ஒரு கைப்பிடி தானியமும் வையுங்கள். நீரை நாள்தோறும் மாற்றுங்கள். படம் எடுப்போர் கூட்டை நெருங்காது, பறவையைக் கலைக்காது, எட்டி நின்றே எடுத்தல் வேண்டும். கண்ட நாள், நேரம், இடம், எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். ஆண்டுதோறும் பொங்கல் நாள்களில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் கணக்கெடுப்பில் வீட்டு முற்றத்தில் நின்று கால் மணி நேரம் எண்ணினாலும் பங்கு கொள்ளலாம். உங்கள் குறிப்பும் நாளை ஓர் ஏரியைக் காக்கும் சான்றாகக் கூடும்.

தேர்வில் மதிப்பெண் குறைந்ததற்காகவும், கேட்ட வேலை கிட்டாததற்காகவும் மனமுடையும் இளைஞர் இன்று பலர். அவர்கள் கீஹீமில் வேலையற்று இருந்த அந்த முப்பத்து மூன்று வயது மனிதரை நினைத்துக்கொள்ளட்டும். பணி பறிபோகலாம், கற்கும் கண் பறிபோவதில்லை. அருகில் உள்ளதை உண்மையாக நோக்குவோர்க்கு அறிவின் வாயில் என்றும் திறந்தே இருக்கிறது. பெரியோர்கள் பிள்ளைகள் கொண்டுவரும் கேள்விகளுக்குக் காது கொடுங்கள். விடை தெரியாவிடில் தெரிந்தவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நம்மிடையேயும் சாலிம் அலிகள் தோன்றுவர்.